பகை உள்ள வழக்கில் கண்ணால் கண்ட சாட்சி: எதை நம்புவது, எதை விடுவது?

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு தீர்ப்பு நகல் இருக்கிறது. தட்டச்சு செய்த 31 பக்கங்கள், ஓரமெல்லாம் பூச்சி அரித்துப் போனது. 1984-ல் என் சித்தப்பாவை வெட்டிக் கொன்ற வழக்கு அது. எதிரிகள் ஐந்து பேர். நம் ஊர் கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெயரே ‘எதிரி’தான். அரசு தரப்பு முதல் சாட்சி, அதாவது அ.சா.1, என் ஆச்சி. சம்பவத்தை நேரில் பார்த்த ஒரே ஆள் அவர். 1986-ல் ஐந்து பேரும் விடுதலை.

எங்கள் வீட்டில் இதற்குச் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “பணம் விளையாடிருச்சு.” நானும் ரொம்ப வருஷம் அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

2003-ல் முதல் வேலை கிடைத்து ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே ஆச்சி சொன்னார்: “வெட்டுனது ரெண்டு பேருதான்யா. மத்த மூணு பேரையும் நான் அங்க பாக்கல. ஆனா அவனுவ சொல்லாமலா இவனுவ வந்திருப்பானுவ?”

நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை என்பதே உண்மை. 2011-ல் ஆச்சி இறந்துவிட்டார். போன வருஷம்தான் அந்தத் தீர்ப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தேன். படித்து முடித்ததும் ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. ஆச்சி சொன்னதில் ஒரு பகுதி முழு உண்மை, இன்னொரு பகுதி பொய். அந்த நீதிபதிக்கு இது தெரிய வழி இருந்ததா? பொதுவாகவே, பகை உள்ள குடும்பத்துச் சாட்சியை எப்படி எடை போடுவது?

நான் வக்கீல் இல்லை. பி.இ. படித்துவிட்டு மென்பொருள் வேலை பார்ப்பவன். ராத்திரி வேலை முடிந்ததும் பழைய சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளைத் தேடித் தேடிப் படித்ததில் புரிந்ததை இங்கே வரிசைப்படுத்தி எழுதிவைக்கிறேன்.

1. பகை எதை நிரூபிக்கிறது?

எங்கள் வழக்கில் பகை ஒரு பங்குக் கிணறு பற்றியது. இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான கிணறு, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். யார் முறை என்பதில் ஆரம்பித்து ஒன்பது வருஷத் தகராறு. இரண்டு பக்கமும் போலீஸ் ஸ்டேஷனில் மனுக்கள், ஒரு சிவில் வழக்கு, ஒரு அடிதடி.

அரசு வக்கீல் இதைக் காட்டி, “பார்த்தீர்களா, கொலை செய்யக் காரணம் இருக்கிறது” என்கிறார். எதிரி தரப்பு வக்கீலும் அதே காகிதங்களைக் காட்டி, “பார்த்தீர்களா, பொய்யாகச் சிக்கவைக்கக் காரணம் இருக்கிறது” என்கிறார். இரண்டு வாதமும் சரிதான். அதனால்தான் நம் நீதிமன்றங்கள் முன்விரோதத்தை இரண்டு பக்கமும் கூரான ஆயுதம் என்று திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கின்றன.

இதை நான் கணக்காக யோசித்துப் பார்த்தேன். எண்கள் வெறும் உதாரணத்துக்கு. ஒருவன் உண்மையிலேயே வெட்டியிருந்தால், அவனுக்கும் செத்தவர் குடும்பத்துக்கும் முன்விரோதம் இருந்திருக்கும் வாய்ப்பு பத்துக்கு ஒன்பது என்று வைத்துக்கொள்வோம். ஒருவனைப் பொய்யாகச் சேர்த்திருந்தால் முன்விரோதம் இருந்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு? அதுவும் பத்துக்கு ஒன்பதுதான், ஏனென்றால் ஆகாதவன் பெயரைத்தானே சேர்ப்பார்கள்! ஒன்பதை ஒன்பதால் வகுத்தால் ஒன்று. முன்விரோதம் என்ற தகவல் தராசை எந்தப் பக்கமும் அசைக்கவில்லை என்று அர்த்தம்.

இதிலிருந்து ஒரு எளிய சோதனை கிடைக்கிறது. வழக்கில் வரும் ஒவ்வொரு தகவலையும் எடுத்து, “இவனைப் பொய்யாகச் சேர்த்திருந்தாலும் இந்தத் தகவல் இதே மாதிரி இருந்திருக்குமா?” என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் அதற்கு எடை கிடையாது. இருந்திருக்காது என்றால் அங்கேதான் எடை இருக்கிறது. இந்தக் கட்டுரையில் இனி வருவதெல்லாம் இந்த ஒரு கேள்வியின் வெவ்வேறு வடிவங்கள்தான்.

2. தெரிந்த முகம் என்ற சிக்கல்

கண்ணால் கண்ட சாட்சி பற்றிப் படிக்க ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது அமெரிக்க ஆராய்ச்சிகள். டி.என்.ஏ. சோதனையால் பல வருஷம் கழித்து நிரபராதி என்று தெரிந்து வெளியே வந்தவர்களில் பெரும்பாலானோர் வழக்கில், சாட்சி தவறான ஆளை அடையாளம் காட்டியிருந்தார். இருட்டு, பயம், சில வினாடிப் பார்வை, போலீஸ் போட்டோவைக் காட்டிய விதம் என்று அதற்குப் பல காரணங்கள்.

ஆனால் அந்த வழக்குகளில் தாக்கியவன் பெரும்பாலும் முன்பின் தெரியாதவன். நம் கிராமத்துப் பகை வழக்குகளில் நிலைமையே வேறு. ஆச்சிக்கு அந்த ஐந்து பேரையும் பிறந்ததிலிருந்து தெரியும். நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். ஆள் மாறாட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கே ஆபத்து பெயர் கூடுவதில்தான் இருக்கிறது. வெட்டியவன் பெயர் சரியாகவே இருக்கும். அவனோடு அண்ணன், தம்பி, மச்சான், அப்பா என்று வால் நீளும்.

ஆகவே, “இந்தச் சாட்சி நம்பத்தகுந்தவரா?” என்று மொத்தமாகக் கேட்பதில் பிரயோஜனம் குறைவு. அவர் சொன்னதைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். சம்பவம் நடந்ததா, எங்கே, எப்போது? முக்கியமாகத் தாக்கியது யார்? கூட இருந்தது யார் யார்? யார் எந்த ஆயுதத்தால் எங்கே வெட்டினார்? யார் என்ன பேசினார்? பகையின் கை முதல் இரண்டில் அவ்வளவாக நுழையாது. கடைசி மூன்றில் தாராளமாக நுழையும்.

அதிலும் பேச்சு இருக்கிறதே, அதுதான் ரொம்பச் சௌகரியமான இடம். “அவனை வெட்டுங்கடா என்று சொல்லித் தூண்டினார்” என்று ஒரு வரி பல எஃப்.ஐ.ஆரில் வரும். பெரும்பாலும் அது அந்தக் குடும்பத்துப் பெரியவர் பெயரோடு வரும். வெட்டினால் காயம் இருக்க வேண்டும், காயத்தை டாக்டர் பார்ப்பார். தூண்டிவிட்டதற்கு உடம்பில் தடயம் கிடையாது. அதனால்தான் இந்த மாதிரித் தூண்டுதல் சாட்சியத்தைக் கோர்ட்டுகள் தனிக் கவனத்தோடு பார்க்கின்றன.

3. பொய்யா, பார்வையா?

ஆச்சி சொன்ன வாக்கியத்தை மறுபடி படித்துப் பாருங்கள். “அவனுவ சொல்லாமலா இவனுவ வந்திருப்பானுவ?” இது ஒரு அனுமானம். நியாயமான அனுமானமாகக்கூட இருக்கலாம். ஆனால் எஃப்.ஐ.ஆரில் அது அனுமானமாக ஏறவில்லை. ‘ஐந்து பேரும் அரிவாளோடு வந்தார்கள்’ என்று காட்சியாக ஏறிவிட்டது.

எல்லாச் சமயத்திலும் இது தெரிந்து சொல்லும் பொய்யாக இருப்பதில்லை. 1951-ல் அமெரிக்காவில் டார்ட்மவுத், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகளுக்கு இடையே அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்று நடந்தது. முரட்டு ஆட்டம், எலும்பு முறிவெல்லாம் ஆனது. பிறகு ஹஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படத்தை இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். 1954-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். டார்ட்மவுத் அணி செய்த விதிமீறல்கள் என்று பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியது சராசரியாக 9.8. அதே படத்தில் டார்ட்மவுத் மாணவர்கள் எண்ணியது 4.3. பார்த்தது ஒரே படம், யாருக்கும் தண்டனை வாங்கித் தர வேண்டிய அவசியமும் இல்லை. அப்படியும் ஒரு பக்கத்துக்காரர்கள் எதிரணியின் தவறை இரண்டு மடங்குக்கு மேல் பார்த்தார்கள்.

ஒரு விளையாட்டுக்கே இப்படி என்றால், ஒன்பது வருஷப் பகைக்கு நடுவில் பெற்ற பிள்ளை வெட்டுப்பட்டுக் கிடப்பதைப் பார்த்த ஒரு தாய்க்கு எப்படி இருந்திருக்கும்? ஆச்சியை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. அவர் விஷயத்தில் அது தெரிந்தே சொன்னதுதான், அவரே என்னிடம் சொல்லிவிட்டார். ஆனால் முகத்தைப் பார்த்து, தடுமாறாமல் சொல்கிறாரா என்று பார்த்து எடை போடுவதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று இந்த ஆராய்ச்சி காட்டுகிறது. மனதார நம்பிச் சொல்பவர் தடுமாறவே மாட்டார்.

4. சொந்தக்காரர் சாட்சி செல்லாதா?

“செத்தவரோட அம்மா சொல்றதை எப்படி சார் நம்புறது?” என்று சாதாரணமாகக் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு சுப்ரீம் கோர்ட் 1953-லேயே பதில் சொல்லியிருக்கிறது, பஞ்சாபிலிருந்து வந்த தலீப் சிங் வழக்கில். ஏழு எதிரிகள், கண்ணால் கண்ட சாட்சிகள் இரண்டு பெண்கள். அவர்கள் சாட்சியத்துக்கு வேறு ஆதாரத்தின் துணை வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கருதியது. சாட்சிகள் பெண்கள், ஏழு பேரின் விதி அவர்கள் சொல்லில் தொங்குகிறது என்பதற்காக அப்படி ஒரு விதி எதுவும் இல்லை என்று நீதிபதி விவியன் போஸ் மறுத்தார்.

அவர் சொன்ன தர்க்கத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். நெருங்கிய சொந்தக்காரர், உண்மையில் கொன்றவனைத் தப்பவிட்டு வேறொருவனை மாட்டிவிட மாட்டார். அவருக்குத்தானே உண்மைக் குற்றவாளி மாட்ட வேண்டும் என்ற வெறி அதிகம்? ஆனால் உணர்ச்சி கொந்தளிக்கும்போது, பகையும் இருக்கும்போது, குற்றவாளியோடு சேர்த்து ஒரு நிரபராதியையும் உள்ளே இழுக்கும் போக்கு உண்டு. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே விதி போட முடியாது, ஒவ்வொரு வழக்கையும் அதனதன் உண்மைகளை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டு ரகசியத்தை முப்பது வருஷம் முன்கூட்டியே எழுதி வைத்த மாதிரி இருந்தது.

பின்னால் 1981-ல், ராஜஸ்தான் மாநிலத்துக்கும் கல்கி என்பவருக்கும் நடந்த வழக்கில், ‘உறவுள்ள சாட்சி’ வேறு, ‘ஆதாயமுள்ள சாட்சி’ வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். வழக்கின் முடிவால் ஏதாவது பலன் அடையப்போகிறவர்தான் ஆதாயமுள்ள சாட்சி. சம்பவ இடத்தில் இயல்பாக இருந்திருக்கக்கூடிய மனைவியையோ தாயையோ உறவு என்ற ஒரே காரணத்துக்காக அந்தக் கூடையில் போடக் கூடாது.

இது வெறும் சட்ட நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். பகை ஊறிய ஊரில் மூன்றாம் மனிதர் சாட்சி சொல்ல வரவே மாட்டார். “நமக்கெதுக்கு வம்பு” என்று கதவைச் சாத்திக்கொள்வார். ‘சுதந்திரமான சாட்சி’ இருந்தால்தான் நம்புவேன் என்று கோர்ட் பிடிவாதம் பிடித்தால், ஊரையே பயமுறுத்தி வைத்திருக்கும் வலுத்த தரப்புக்கு அது வசதியாகிவிடும். மேலவளவு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 ஜூன் 30 அன்று பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் இன்னும் 5 பேரும் கொல்லப்பட்டார்கள். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியை ஒட்டி அதற்கு முந்தைய தேர்தலிலிருந்தே மிரட்டல்கள். பாதிக்கப்பட்ட தரப்பினரின் சாட்சியத்தை ‘இவர்கள் விரோதிகள்’ என்று ஒதுக்கியிருந்தால் அந்த வழக்கில் என்ன மிஞ்சியிருக்கும்? சுமார் 40 பேர் மீது வழக்கு நடந்து, 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. எல்லாரையும் தண்டிக்கவும் இல்லை, எல்லாரையும் விடவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

5. எத்தனை பேர் சொன்னால் போதும்?

நம் சாட்சியச் சட்டத்தில் இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற எண்ணிக்கையே கிடையாது. பழைய சட்டத்தின் 134-வது பிரிவு அப்படித்தான் சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் 139-வது பிரிவாக அது தொடர்கிறது.

இதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது நம் ஊரிலிருந்து போன வழக்குதான்: 1957-ல் வடிவேலுத் தேவர் எதிர் சென்னை மாநிலம். ஒரே ஒரு சாட்சியை நம்பிக் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை தரலாமா என்பது கேள்வி. தரலாம் என்றது கோர்ட். சாட்சிகளை மூன்று வகையாகப் பிரித்தது. முழுக்க நம்பலாம் என்பவர், முழுக்க நம்பவே முடியாது என்பவர், இரண்டுக்கும் நடுவில் நிற்பவர். முதல் இரண்டு வகையில் சிக்கல் இல்லை. ஒருவரே போதும், அல்லது நூறு பேர் வந்தாலும் போதாது. மூன்றாவது வகைக்குத்தான் வெளியிலிருந்து ஆதாரம் தேட வேண்டும். என் வாசிப்பில், பகை வழக்குகளின் சாட்சிகளில் பெரும்பாலானோர் இந்த மூன்றாவது வகை.

கூட்டமாகத் தாக்கும் வழக்கில் வேறொரு பிரச்சினை வருகிறது. உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த மசல்தி வழக்கு 1964-ல் தீர்ப்பானது. கிராமத்தில் இரண்டு கோஷ்டி, எதிரிகள் ஏராளம், சாட்சிகள் எல்லாரும் ஒரு கோஷ்டி. கோஷ்டிச் சாட்சி என்பதற்காக இயந்திரத்தனமாகத் தள்ளிவிட்டால் நீதியே கிடைக்காது என்றார் தலைமை நீதிபதி கஜேந்திர கட்கர். அதே சமயம் இத்தனை பேரில் யார் யார் உண்மையில் இருந்தார்கள் என்று எப்படித் தீர்மானிப்பது? ஒரு எதிரியைப் பற்றி இரண்டு, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சாட்சிகள் முரணில்லாமல் சொன்னால்தான் தண்டனை என்ற அளவுகோலை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. ஒரு வகையில் இது இயந்திரத்தனம்தான், ஆனாலும் பயனுள்ளது என்று ஒப்புக்கொண்டே ஏற்றார்கள்.

மென்பொருள்காரனாக எனக்கு இதில் ஒரு எச்சரிக்கை தோன்றுகிறது. மூன்று சர்வர்களில் ஒரே பிழை பதிவாகியிருந்தால் நாங்கள் உடனே மூன்று ஆதாரம் என்று எண்ண மாட்டோம். மூன்றும் ஒரே இடத்திலிருந்து நகல் எடுத்ததா என்று முதலில் பார்ப்போம். சாட்சிகளும் அப்படித்தான். சம்பவம் முடிந்து ஒரே வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசிய ஐந்து பேர், ஐந்து சாட்சிகள் ஆக மாட்டார்கள். ஒரு சாட்சியின் ஐந்து நகல்கள் ஆகிவிடலாம். வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போவது அங்கே பலம் இல்லை. உண்மையில் பார்த்தவர்கள் சின்னச் சின்ன விஷயங்களில் வேறுபடுவது இயல்பு என்று கோர்ட்டுகளும் சொல்கின்றன.

6. பகையால் திருத்த முடியாதவை

சாட்சியின் வாயை விட்டு வெளியே வருவோம். சாட்சி விரும்பினாலும் மாற்ற முடியாத விஷயங்கள் சில இருக்கின்றன. எடை அங்கேதான்.

முதலாவது நேரம். எங்கள் வேலையில் ஒரு மாற்றத்தை யார் எப்போது செய்தார்கள் என்று பதிவாகிவிட்டால் பிறகு யாரும் மறுக்க முடியாது. கொலை வழக்கில் அந்த இடத்தில் இருப்பது எஃப்.ஐ.ஆர். அது பதிவானதும் ஒரு நகல் உடனே மாஜிஸ்ட்ரேட்டுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். அதை அவர் எத்தனை மணிக்குப் பெற்றார் என்று அதிலேயே குறிப்பார். சம்பவம் ஏழு மணி, எஃப்.ஐ.ஆர். எட்டு மணி, மாஜிஸ்ட்ரேட் கைக்குப் பத்து மணிக்குப் போய்விட்டது என்றால், உட்கார்ந்து யோசித்துப் பெயர் சேர்க்க அவகாசம் கிடைத்திருக்காது. அதில் இருக்கும் பெயருக்கு எடை அதிகம். இடைவெளி கூடக் கூட எடை குறையும்.

இதற்கும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று இருக்கிறது. துலியா காளி வழக்கு, 1972. போலீஸ் ஸ்டேஷன் இரண்டு மைல் தூரம்தான். எஃப்.ஐ.ஆர். வந்ததோ 20 மணி நேரத்துக்கு மேல் கழித்து. தாமதத்தில் நினைவின் புத்தம்புதுத் தன்மை போய்விடுகிறது, யோசித்து ஜோடித்த கதை புகுந்துவிடும் அபாயம் இருக்கிறது என்று சொல்லி சுப்ரீம் கோர்ட் தண்டனையை ரத்து செய்தது. தாமதம் என்றாலே பொய் என்று அர்த்தமில்லை. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கலாம், ராத்திரி வெளியே வர பயந்திருக்கலாம். தாமதத்துக்கு நம்பும்படி விளக்கம் இருக்கிறதா என்பதே கேள்வி.

இரண்டாவது காயம். ஐந்து பேர் ஆளுக்கொரு வெட்டு வெட்டினார்கள் என்று சாட்சி சொல்கிறார், போஸ்ட்மார்ட்டத்தில் மூன்று வெட்டுக் காயம்தான் என்றால், யாரோ இரண்டு பேர் கூடுதல் அல்லது வர்ணனை கூடுதல். பதற்றத்தில் யார் எங்கே வெட்டினார் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. அதனால் பொருந்தவில்லை என்றால் முழுக்கத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் காயத்தோடு அச்சாகப் பொருந்தும் பகுதிக்கு நிச்சயம் கூடுதல் எடை.

மூன்றாவது, சாட்சியின் உடம்பிலேயே இருக்கும் காயம். அவரும் வெட்டுப்பட்டிருந்தால் அவர் அங்கே இருந்தார் என்பதில் சந்தேகம் வராது. அதனால்தான் காயம்பட்ட சாட்சிக்குக் கோர்ட்டில் தனி மதிப்பு. ஆனால் காயம் நிரூபிப்பது அவர் இருந்தார் என்பதைத்தான். அவர் சொன்ன எட்டாவது பெயரையும் அது நிரூபித்துவிடாது.

நான்காவது, எதிரியின் உடம்பில் இருக்கும் காயம். பகை வழக்கில் இரண்டு பக்கமும் அடிபடுவது சகஜம், ஸ்டேஷனில் கேஸும் கவுண்டர் கேஸும் பதிவாகும். நம் தரப்பு சாட்சிகள் எதிரிகளுக்குப் பட்ட காயத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால்? 1976-ல் லட்சுமி சிங் எதிர் பீகார் மாநிலம் வழக்கில், கணிசமான அந்தக் காயங்களை அரசு தரப்பு விளக்காமல் விட்டால், சண்டை எப்படி ஆரம்பித்தது என்பதையே மறைக்கிறார்கள் என்று அனுமானிக்கலாம் என்றது கோர்ட். சாட்சிகள் பகையாளிகளாக இருக்கும்போது இந்த மௌனத்துக்கு இன்னும் முக்கியத்துவம் உண்டு என்றும் சொன்னது.

இவற்றோடு வெளிச்சம், தூரம், அந்த நேரத்தில் சாட்சிக்கு அங்கே என்ன வேலை என்பதும் சேரும். “தற்செயலா அந்தப் பக்கம் போனேன்” என்று சொல்லும் சாட்சியைவிட, தினமும் அதே நேரத்தில் களத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகும் தாயின் இருப்பு இயல்பானது.

7. நெல்லும் பதரும்

ஒரு விஷயத்தில் பொய் சொன்னவர் எல்லா விஷயத்திலும் பொய் சொன்னவர் என்று ஒரு பழைய லத்தீன் சொலவடை ஐரோப்பியச் சட்டத்தில் உண்டு. நம் நாட்டில் அது சட்ட விதி இல்லை என்று சுப்ரீம் கோர்ட் பலமுறை சொல்லிவிட்டது. அப்படி வைத்தால் பெரும்பாலான வழக்குகளில் ஒரு சாட்சிகூட மிஞ்ச மாட்டார் என்பதே காரணம். நீதிபதி புடைத்துப் பார்த்து, நெல்லை எடுத்துக்கொண்டு பதரைத் தள்ள வேண்டும்.

ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு. 1964-ல் உகர் அஹிர் வழக்கில் நீதிபதி சுப்பா ராவ் அதைத் தெளிவாக வைத்தார். அரசு தரப்புக் கதையின் அடிப்படையே நம்ப முடியாததாகிவிட்டால், மிச்சத் துண்டுகளை எடுத்து ஒட்டவைத்துக் கோர்ட் தானாக ஒரு புதுக் கதையைக் கட்டக் கூடாது.

பிரிக்க முடிந்தால் பிரி, முடியாவிட்டால் விட்டுவிடு. எப்போது பிரிக்க முடியும்? இரண்டு பேருக்கும் மற்ற மூன்று பேருக்கும் நடுவே வெளி ஆதாரத்தில் ஏதாவது வித்தியாசம் இருந்தால் மட்டும்.

8. மறுபடி டிரங்குப் பெட்டிக்கு

இப்போது எங்கள் தீர்ப்பை இந்தக் கண்ணோடு படிக்கிறேன். சம்பவம் சாயங்காலம் ஆறரை மணி, வெளிச்சம் இருந்தது. ஆச்சி அங்கே இருந்ததை நீதிபதி நம்புகிறார். எஃப்.ஐ.ஆர். மறுநாள் காலை ஐந்து மணி. ஸ்டேஷன் ஐந்து கிலோமீட்டர். நடுவில் பத்தரை மணி நேரம். அந்த ராத்திரி என்ன நடந்தது என்று எனக்கு இப்போது தெரியும். சொந்தக்காரர்கள் கூடினார்கள், பெரியவர்கள் பேசினார்கள், பெயர்கள் முடிவாயின. எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேரும் ஆளுக்கொரு வெட்டு. டாக்டர் சொன்னது மூன்று காயம். ஐந்தாவது எதிரி அன்றைக்கு மாலை பக்கத்து டவுனில் டைப்ரைட்டிங் வகுப்பில் இருந்தார் என்பதற்கு வருகைப் பதிவேடும் ஆசிரியரின் சாட்சியமும் வந்தன. குறுக்கு விசாரணையில் ஆச்சி அவரையும் பார்த்ததாகவே சாதித்தார்.

நீதிபதி கடைசிப் பக்கங்களில் உண்மையிலேயே முயற்சி செய்திருக்கிறார். ஐந்தாவது எதிரியை விட்டுவிட்டு மற்றவர்களைத் தண்டிக்க முடியுமா, முதல் இரண்டு பேரைத் தனியாகப் பிரிக்க முடியுமா என்று பத்தி பத்தியாக யோசிக்கிறார். அவர் கையில் எதுவுமே இல்லை. ஆச்சி ஐந்து பேரைப் பற்றியும் ஒரே அழுத்தத்தோடு, ஒரே வார்த்தைகளில் சொல்லியிருந்தார். கண்ணால் பார்த்த இரண்டு பேரையும் ஊகித்த மூன்று பேரையும் பிரித்துக் காட்ட அந்த 31 பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. சந்தேகத்தின் பலன் ஐந்து பேருக்கும் போனது.

பணம் விளையாடவில்லை. நெல்லில் பதரைக் கலந்தது நாங்கள்தான். சித்தப்பாவை வெட்டிய இரண்டு பேரையும் தப்பவிட்டது எங்கள் வீட்டில் நடந்த அந்த ராத்திரிப் பேச்சு.

ஐந்தாவது எதிரிக்கு அப்போது 22 வயது. அரசு வேலைக்குத் தேர்வாகி உத்தரவு வரும் நேரம். கொலை வழக்கு நிலுவையில் இருந்ததால் அது கைவிட்டுப் போயிற்று. இப்போது டவுனில் சின்னதாக ஒரு உரக்கடை வைத்திருக்கிறார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தக் கடைக்குப் போனேன். யார் வீட்டுப் பையன் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஆச்சி கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாவளோ?” என்றார். இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டார் என்றேன். “நல்லது” என்றார். ஆச்சி என்னிடம் சொன்னதை அவரிடம் சொல்லத்தான் போனேன். சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், அவ்வளவுதான். அவருக்கு அதில் புதுச் செய்தி எதுவும் இல்லையே.

யாருக்கும் இந்த நிலைமை வர வேண்டாம். வந்தால், பார்த்ததை ஒரு வாக்கியமாகவும் சந்தேகப்படுவதை வேறொரு வாக்கியமாகவும் சொல்லுங்கள். ஆச்சி அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய், “இவனுவ ரெண்டு பேரும் வெட்டுனத என் கண்ணால பார்த்தேன். மத்த மூணு பேரும் சொல்லி அனுப்பியிருப்பானுவளோன்னு சந்தேகமா இருக்கு” என்று சொல்லியிருக்கலாம். முதல் வாக்கியத்துக்குக் கோர்ட்டில் வலு இருந்திருக்கும். இரண்டாவதைப் போலீஸ் சதி என்ற கோணத்தில் விசாரித்து, ஆதாரம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்திருக்கும். இரண்டையும் ஒன்றாக்கியதில், முதல் வாக்கியமும் இரண்டாவதோடு சேர்ந்து போயிற்று.